பாகிஸ்தான் கிறிஸ்தவர்கள்: பொய்ப் புகாருக்கு மட்டும் தண்டனை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகிஸ்தான் என்றால் நம் நாளிதழ்களில் எல்லைப் பிரச்சினை வரும், கிரிக்கெட் வரும், இம்ரான் கான் வருவார். எப்போதாவது உள்பக்கத்தில் நாலு வரி, 'தேவாலயத்துக்குத் தீ வைப்பு, போலீஸ் குவிப்பு' என்று. மறுநாள் அந்தச் செய்தி காணாமல் போய்விடும். அந்த நாலு வரிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். இடம் போதவில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தேதிகளில் கை வைத்துவிடாதீர்கள். விஷயமே தேதிகளில்தான் இருக்கிறது.

லாகூரில் ஜோசப் காலனி என்று ஏழைக் கிறிஸ்தவர்கள் வாழும் குடியிருப்பு. 2013 மார்ச்சில் அங்கே இரண்டு நண்பர்களுக்குள் தகராறு. ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் துப்புரவு வேலை பார்க்கும் கிறிஸ்தவர். கிறிஸ்தவர் நபிகள் நாயகத்தை இழிவாகப் பேசினார் என்று நண்பர் புகார் கொடுத்தார். போலீஸ் அவரைக் கைது செய்தது, அதோடு காலனி மக்கள் எல்லாரையும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகச் சொன்னது. ஆட்கள் போன பிறகு, மார்ச் 9 அன்று கும்பல் வந்து 100-க்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தியது. கொளுத்தியவர்களின் முகங்கள் தெளிவாகத் தெரியும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. சரி, வழக்கு என்ன ஆனது? புகாருக்கு ஆளானவருக்கு 2014-இல் மரண தண்டனை. தீ வைத்ததாக வழக்குப் போடப்பட்ட 115 பேரும் போதிய ஆதாரம் இல்லையென்று 2017 ஜனவரியில் விடுதலை. அந்தத் துப்புரவுத் தொழிலாளியை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்தது 2020 அக்டோபரில். காலனியே எரிந்த வழக்கில் ஏழு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தது அவர் ஒருவர்தான்.

பாகிஸ்தானில் கிறிஸ்தவர்கள் தேவாலயத்துக்குப் போகத் தடை கிடையாது. ஞாயிறு ஆராதனை நடக்கிறது, கிறிஸ்துமஸுக்கு அதிபரும் பிரதமரும் வாழ்த்துச் சொல்கிறார்கள், அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. இதையெல்லாம் காட்டித்தான் அங்குள்ள அரசு எப்போதும் பதில் சொல்லும். பொய்யும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், கடன் கொடுத்தவர், நிலத்தில் கண் வைத்தவர், இவர்களில் யார் வேண்டுமானாலும் ஒரு வாக்கியம் சொல்லி உங்களைத் தூக்குமேடை வரை அனுப்பலாம், சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது என்றால், அந்த 20-ஆவது பிரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த மத நிந்தனைச் சட்டம் எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1927-இல் வெள்ளைக்காரன் தண்டனைச் சட்டத்தில் கொண்டுவந்த 295-ஏ பிரிவு அங்கேயும் உண்டு. அதில் மத உணர்வை 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' புண்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஜெனரல் ஜியா உல் ஹக் காலத்தில் இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. 1982-இல் 295-பி, குர்ஆனை அவமதித்தால் ஆயுள் தண்டனை. 1986-இல் 295-சி, நபிகளை இழிவுபடுத்தினால் மரணம் அல்லது ஆயுள். இந்தக் கடைசிப் பிரிவின் வாசகத்தில் நோக்கம் என்ற பேச்சே இல்லை. நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஜாடையாகச் சொன்னால்கூடப் போதும். 1990-இல் மத்திய ஷரியத் நீதிமன்றம் ஆயுள் தண்டனை என்ற மாற்றையும் எடுத்துவிட்டு, மரணம் மட்டுமே தண்டனை என்றது. 2004-இல் முஷாரஃப் ஆட்சி ஒரு சின்னத் திருத்தம் செய்தது: எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரிதான் 295-சி வழக்கை விசாரிக்க வேண்டும் என்று. காகிதத்தில் நல்ல திருத்தம்தான். ஆனால் ஆயிரம் பேர் காவல் நிலையத்தைச் சுற்றி நின்று கத்தும்போது, உள்ளே இருக்கும் இன்ஸ்பெக்டர் எஸ்.பி. வரும்வரை காத்திருக்கவா போகிறார்? எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் கூட்டம் கலையும், போட்டுவிடுகிறார்.

இதுவரை இந்தச் சட்டத்தின் கீழ் யாரையும் அரசு தூக்கில் போட்டதில்லை. அதையும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சாவு நீதிமன்றத்துக்கு வெளியே காத்திருக்கிறது. மசூதிச் சுவரில் நிந்தனை எழுதியதாக, எழுதப் படிக்கவே தெரியாத ஒரு கிறிஸ்தவச் சிறுவன் மீதும் இன்னொருவர் மீதும் வழக்குப் போட்டு மரண தண்டனை விதித்தார்கள். லாகூர் உயர் நீதிமன்றம் 1995-இல் இருவரையும் விடுவித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி 1997-இல் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2014 மே மாதம் முல்தானில் வழக்கறிஞர் ரஷீத் ரஹ்மானும் அப்படித்தான் கொல்லப்பட்டார். அவர் வாதாடியது ஒரு முஸ்லிம் விரிவுரையாளருக்காக. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த வாய்தாவுக்கு நீ இருக்கமாட்டாய் என்று அவரை மிரட்டியிருந்தார்கள். இப்படியொரு நிலையில் கீழ் நீதிமன்ற நீதிபதியாக நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தண்டனை கொடுத்துவிட்டு, மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோப்பை அனுப்பிவிடுவீர்கள். அதுதான் நடக்கிறது. அந்தக் கோப்பு மேலே போய்ச் சேர்வதற்குள் ஒருவருடைய வாழ்க்கையில் எட்டு, ஒன்பது வருஷம் போய்விடும்.

ஆசியா பீபி வழக்கு ஞாபகம் இருக்கும். 2009 ஜூன், பஞ்சாப் மாகாணத்தில் ஒரு கிராமம், வயலில் ஃபால்சா என்ற சிறு பழம் பறிக்கும் கூலி வேலை. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், கிறிஸ்தவர் தொட்ட தண்ணீரைக் குடிக்கமாட்டோம் என்று கூட வேலை செய்த பெண்கள் சொன்னார்கள், வாய்ச்சண்டை வந்தது. சில நாள் கழித்து மத நிந்தனைப் புகார். 2010-இல் மரண தண்டனை. அவரைச் சிறையில் போய்ப் பார்த்து, இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். நீதிமன்றத்துக்கு வந்த கொலையாளி மீது ரோஜா இதழ் தூவியவர்களில் வழக்கறிஞர்களும் உண்டு. இரண்டே மாதத்தில், மார்ச் 2 அன்று, அமைச்சரவையில் இருந்த ஒரே கிறிஸ்தவரான சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஷாபாஸ் பட்டி இஸ்லாமாபாத்தில் கொல்லப்பட்டார். கடைசியில் 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தது. நாடே மூன்று நாள் முடங்கியது. மறுசீராய்வு மனுவும் 2019 ஜனவரியில் தள்ளுபடியாகி, அந்த வருஷம் மே மாதம்தான் அவரால் கனடாவுக்குப் போக முடிந்தது.

இவ்வளவு தூரம் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று அந்த மறுசீராய்வு விசாரணையில் நடந்தது. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஆசிஃப் சயீத் கோசா, சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்பதை வெளிப்படையாகவே சொன்னார். வழக்கு இவ்வளவு உணர்ச்சிகரமானதாக இல்லாவிட்டால் அவர்கள் மீது பொய்ச்சாட்சி வழக்குப் போட்டிருப்போம் என்ற பொருளில் பேசினார். அதாவது, பொய் என்று தெரியும், தண்டிக்கச் சட்டமும் கையில் இருக்கிறது, ஆனால் செய்ய முடியாது! பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் 194-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு, ஒருவருக்கு மரண தண்டனை வாங்கித் தரும் நோக்கத்தோடு பொய்ச்சாட்சி சொன்னால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டிய அவசியமே இல்லை, இருப்பதைத் தூசி தட்டினால் போதும். 2017-இல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஷௌகத் சித்திகி இன்னும் ஒருபடி மேலே போய், பொய்யாக நிந்தனைப் புகார் கொடுப்பவருக்கும் நிந்தனைக்கு உரிய அதே தண்டனை கிடைக்க நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும் என்றார். அவர் மதச்சார்பின்மை பேசுகிறவர் இல்லை, ரொம்பக் கட்டுப்பெட்டியான மத நம்பிக்கை உள்ளவர் என்றே பெயர். அவரே சொன்ன பிறகும் ஒன்றும் நகரவில்லை.

மத நிந்தனைச் சட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்று வெளிநாட்டில் உட்கார்ந்து கோரிக்கை வைப்பது சுலபம். கொள்கையாக நானும் அதற்கு ஆதரவுதான். ஆனால் அங்கே எந்தக் கட்சியும் அதைத் தொடாது, தொட்டவர்களின் கதியைப் பார்த்தாகிவிட்டது. அதனால் பொய்ப் புகாருக்குத் தண்டனை என்ற ஒற்றைக் கோரிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்து வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் சொல்வது மார்க்கத்துக்கு விரோதம் என்பதை அங்குள்ள எந்த மௌலவியும் மறுக்க முடியாது.

அப்புறம் ஜரன்வாலா. ஃபைசலாபாத் மாவட்டத்தில் இருக்கும் ஊர். 2023 ஆகஸ்ட் 16, பாகிஸ்தானின் சுதந்திர தினம் முடிந்து இரண்டே நாள். குர்ஆன் தாள்கள் கிழிந்து கிடந்தன, அவற்றோடு இரண்டு கிறிஸ்தவ சகோதரர்களின் பெயரும் படமும் இருந்தன. குற்றம் செய்கிறவன் தன் படத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டா போவான் என்று யாரும் கேட்கவில்லை. மசூதி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது, இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் எரிந்தன, சூறையாடப்பட்டன, எண்பதுக்கு மேற்பட்ட வீடுகள் நாசமாயின, மக்கள் கரும்புக் காட்டில் ஒளிந்து இரவைக் கழித்தார்கள். பிறகு போலீஸே சொன்னது, தனிப்பட்ட பகையில் யாரோ அந்தச் சகோதரர்களை மாட்டிவிட்டார்கள் என்று. வீடு இழந்த குடும்பத்துக்கு 20 லட்சம் பாகிஸ்தான் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள், தேவாலயங்களைச் சீக்கிரமே சீரமைக்கவும் தொடங்கினார்கள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த நாளில் கிறிஸ்தவ அண்டை வீட்டாரைத் தங்கள் வீட்டில் மறைத்துவைத்த முஸ்லிம் குடும்பங்களும் அதே ஊரில் இருந்தன. ஆனால் கூட்டத்தைக் கூட்டியவர்கள், கொளுத்தியவர்கள் விஷயத்தில் ஜோசப் காலனிக் கதையேதான். பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள்.

நினைத்தால் அந்த நாட்டு நீதித்துறையால் முடியும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 3 அன்று சியால்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் மேலாளராக இருந்த இலங்கையர் பிரியந்த குமார, மத வாசகங்கள் அச்சிட்ட ஒட்டிகளைச் சுவரிலிருந்து அகற்றினார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2022 ஏப்ரலில் ஆறு பேருக்கு மரண தண்டனை, பலருக்கு ஆயுள். மரண தண்டனையை நான் கொண்டாடவில்லை, அது வேறு பேச்சு. ஆனால் கைபேசிக் காணொளிகளை வைத்து ஆட்களை அடையாளம் கண்டு, சாட்சிகளைக் காப்பாற்றி, வேகமாக வழக்கு நடத்தியிருக்கிறார்கள். செத்தவர் வெளிநாட்டவர், இலங்கை அரசு கேள்வி கேட்டது, ஏற்றுமதித் தொழிலே ஆட்டம் காணும் நிலை. ஜோசப் காலனிக்காரர்களுக்காகக் கேள்வி கேட்க அப்படி யார் இருந்தார்கள்?

அவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 2023 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 33 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.37 சதவீதம். பெரும்பாலானோர் பஞ்சாபிகள். 1873-இல் சியால்கோட் பக்கம் டிட் என்ற, கால் ஊனமான ஒரு தோல் வியாபாரி ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட சூஹ்ரா சாதி மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். மதம் மாறியது, தொழில் மாறவில்லை. இன்றும் நகராட்சித் துப்புரவுப் பணியில் பெரும்பான்மை அவர்கள்தான், 'முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று துப்புரவு வேலைக்கு அரசு விளம்பரங்களே வந்திருக்கின்றன. ஆசியா பீபியின் கையால் தண்ணீர் வாங்க மறுத்ததில் மதம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இதே கிறிஸ்தவச் சமூகம்தான் அந்த நாட்டுக்கு ஏ.ஆர். கார்னீலியஸ் என்ற தலைமை நீதிபதியைத் தந்தது. 1947-இல் பஞ்சாப் சட்டமன்ற சபாநாயகராக இருந்த எஸ்.பி. சிங்கா பாகிஸ்தான் பக்கம் நின்ற கிறிஸ்தவர். அந்த ஆகஸ்ட் 11 அன்று ஜின்னா, கோயிலுக்கோ மசூதிக்கோ வேறு எந்த வழிபாட்டு இடத்துக்கோ போக உங்களுக்குச் சுதந்திரம் உண்டு என்று பேசினார். இப்போது அந்தத் தேதியை சிறுபான்மையினர் தினமாக வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். அப்படி அறிவிக்கப் பாடுபட்டவர், மேலே சொன்ன ஷாபாஸ் பட்டி.

சிறுமிகளைக் கடத்தி மதம் மாற்றித் திருமணம் செய்வது இன்னொரு பெரிய விஷயம். இரண்டு வரியில் அடங்காது, தனிக் கட்டுரையாக நீங்களே எழுதச் சொல்லலாம். ஒன்று மட்டும்: 2024-இல் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைத் திருத்தி வயதை 18 ஆக்கினார்கள், ஆனால் சிறுமி மதம் மாறிவிட்டாள் என்று ஒரு காகிதம் காட்டினால் அந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தாமல் போய்விடுகிறது. கட்டாய மதமாற்றத்துக்கு எதிரான மசோதாவை 2021-இல் நாடாளுமன்றக் குழுவே நிராகரித்துவிட்டது.

வெளியிலிருந்து என்ன செய்ய முடியும்? அமெரிக்கா 2018 முதல் பாகிஸ்தானை மதச் சுதந்திர விஷயத்தில் 'கவலைக்குரிய நாடுகள்' பட்டியலில் வைத்தது, கூடவே தன் தேச நலன் கருதி நடவடிக்கையிலிருந்து விலக்கும் கொடுத்தது. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. ஐரோப்பாவின் கையில்தான் உண்மையான பிடி இருக்கிறது. 2014 ஜனவரியிலிருந்து ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச் சலுகையில் பாகிஸ்தான் துணி அங்கே போகிறது, அதற்கு ஈடாக 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். குறுஞ்செய்தியில் நிந்தனை செய்ததாக 2013-இல் கைதான ஒரு கிறிஸ்தவத் தம்பதியின் மேல்முறையீடு லாகூரில் தள்ளிக்கொண்டே போனது. 2021 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் அவர்கள் வழக்கைக் குறிப்பிட்டு, சலுகையை மறுபரிசீலனை செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஜூன் 3 அன்று தம்பதி விடுதலை. அதனால்தான் விடுதலை என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் பல வருஷமாக வராத மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஐந்து வாரத்தில் வந்தது. சலுகையை ஒரேயடியாக நிறுத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஃபைசலாபாத் தறிகளில் வேலை பார்க்கும் ஏழைகள்தான் முதலில் அடிபடுவார்கள், அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. பெயர் சொல்லி, வழக்கு எண் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கவலை தெரிவித்தால் பொதுவான பதில்தான் வரும்.

கேட்பதற்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே இருக்கிறது. 2013 செப்டம்பரில் பெஷாவர் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் இரட்டைத் தற்கொலைத் தாக்குதல், எண்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதை ஒட்டித் தலைமை நீதிபதி தசத்துக் ஹுசைன் ஜிலானி 2014 ஜூன் 19 அன்று கொடுத்த தீர்ப்பில், வழிபாட்டு இடங்களுக்குத் தனிக் காவல் படை, சிறுபான்மையினர் உரிமைக்குத் தேசிய கவுன்சில், பாடத்திட்டத் திருத்தம், வேலை ஒதுக்கீட்டை ஒழுங்காக அமல் செய்வது என்று எல்லாம் சொல்லியாயிற்று. அந்தக் கவுன்சிலுக்கான சட்டமே பத்து வருஷம் தாண்டியும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

தப்பி ஓடுபவர்களுக்கும் போக்கிடம் குறைவு. பாங்காக் போனவர்கள் விசா முடிந்ததும் குடியேற்றத் தடுப்பு மையத்தில் அடைபடுகிறார்கள், தாய்லாந்து அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இலங்கையில் நீர்கொழும்பில் தங்கியிருந்த பாகிஸ்தான் அகதிகள், கிறிஸ்தவர்கள் உட்பட, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். பயங்கரவாதத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்களைப் பயங்கரவாதிகளைப் போலப் பார்த்தார்கள். நம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான் கிறிஸ்தவர்கள் பெயர் இருக்கிறது, ஆனால் 2014 டிசம்பர் 31-க்குள் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும். ஜரன்வாலா நடந்தது 2023-இல்.

இங்கே இதைப் பற்றிப் பேசும்போது ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஒரு சாரார் இந்தச் செய்திகளை எடுத்து நம் ஊர் முஸ்லிம்களை அடிக்கப் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கு லாகூர் துப்புரவுத் தொழிலாளியைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. இன்னொரு சாரார் அதற்குப் பயந்துகொண்டு வாயே திறப்பதில்லை. ஆசியா பீபிக்காக வாதாடிய சைஃபுல் மலூக் முஸ்லிம், விடுவித்த நீதிபதிகள் முஸ்லிம்கள், கொல்லப்பட்ட தசீரும் ரஷீத் ரஹ்மானும் முஸ்லிம்கள். 2017-இல் மர்தான் பல்கலைக்கழகத்தில் இதே பழி சுமத்தி அடித்துக் கொல்லப்பட்ட மாணவர் மஷால் கானும் முஸ்லிம்தான். இந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதினால் இரண்டு சாராருக்கும் பதில் சொன்னதாகிவிடும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை 'தேவாலயம் எரிப்பு' என்று ஏஜென்சி செய்தி வந்தால் போடுங்கள், ஆனால் அந்த எஃப்.ஐ.ஆர். என்ன ஆனது, புகார் கொடுத்தவர் விசாரிக்கப்பட்டாரா, எரித்தவர்கள் ஜாமீனில் வந்துவிட்டார்களா என்பதை ஆறு மாதம் கழித்து ஒரு முறை, ஒரு வருஷம் கழித்து ஒரு முறை தேடிப் போடுங்கள். டான் போன்ற அந்நாட்டுப் பத்திரிகைகளே இதையெல்லாம் தைரியமாக எழுதுகின்றன, பாகிஸ்தான் மனித உரிமை ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது, எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. ஜரன்வாலா வழக்குகளிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்